திரை எந்தப் பக்கம் இருந்தது?

அன்புள்ள ஐயா,

போன மாதம் தங்கை கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க அப்பாவோடு மதுரை போயிருந்தேன். மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. பட்டுப் பிரிவுக்கு மாடியேறும்போது அப்பா சட்டென்று நின்றுவிட்டார். "இங்கதான்டா தங்கம் தியேட்டர் இருந்துச்சு. ஆசியாவிலேயே பெரிசு" என்றார். "திரை எந்தப் பக்கம் இருந்தது?" என்று சும்மா கேட்டேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், அவரால் சொல்ல முடியவில்லை. அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை. எனக்கு வயது முப்பது, நான் அந்தத் தியேட்டரைப் பார்த்ததில்லை. நிஜமாகவே அவ்வளவு பெரிதா? வெளிநாடாக இருந்தால் இடித்திருப்பார்களா? ஒரு தியேட்டர் போனதற்கு உங்கள் தலைமுறை ஏன் இப்படி வருத்தப்படுகிறது? கிண்டலுக்குக் கேட்கவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அதே கடையில், அதே மாடிப்படியில் நானும் நின்றிருக்கிறேன். எனக்கும் தெரியவில்லை. வாசல், நுழைந்தவுடன் வலது பக்கம், இடது பக்கம் என்று மனதுக்குள் வரைந்து பார்த்தேன். ஒரு பெண் வந்து "சார், வேட்டி செக்‌ஷன் கீழே" என்றார். சரி என்று இறங்கிவிட்டேன்.

பெரிதா என்றால், பெரிதுதான். இருக்கைகள் 2563. ஆசியாவிலேயே பெரியது என்பதை மதுரைக்காரன் எவனும் அளந்து பார்த்துச் சொன்னதில்லை, ஆனால் சொல்லாதவனும் கிடையாது. நீங்கள் இப்போது படம் பார்க்கும் மால் தியேட்டரில் ஒரு அரங்குக்கு 250 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பத்து அரங்கை, நடுச்சுவர்களை எடுத்துவிட்டு, ஒரே திரைக்கு முன்னால் உட்கார வைத்தால் அதுதான் தங்கம். நான்கு காட்சியும் நிறைந்தால் ஒரு நாளைக்குப் பத்தாயிரத்துக்கு மேல். 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோடு திறந்தார்கள். சிவாஜிக்கு அது முதல் படம், தியேட்டருக்கும் முதல் படம். எங்கள் ஊர்ப் பெருசுகளுக்கு இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லவே வராது.

நான் முதலில் போனது எழுபதுகளின் கடைசியில், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து, பெரியார் நிலையத்தில் இறங்கி, மாமா கையைப் பிடித்துக்கொண்டு நடந்து. மேட்னி. வெளியே கண்ணைக் குத்தும் வெயில், உள்ளே நுழைந்ததும் ஒன்றுமே தெரியவில்லை. டார்ச் லைட்காரர் தரையில் ஒரு வட்டம் போட்டார், அந்த வட்டத்தின் பின்னாலேயே போனோம், போனோம், போய்க்கொண்டே இருந்தோம். ஒரு கட்டிடத்துக்குள் இவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். உட்கார்ந்த பிறகு நான் திரையைப் பார்க்கவில்லை, திரும்பிப் பின்னால் பார்த்தேன். மேலே சின்னஞ்சிறு சதுர ஓட்டையிலிருந்து வெளிச்சம் கிளம்பி, வர வர அகன்று, பீடிப் புகைக்குள் நெளிந்து நெளிந்து எங்கள் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் கீழே தலைகள். எங்கள் ஊர்த் திருவிழாவில்கூட அத்தனை தலைகளை ஒரே நேரத்தில் நான் பார்த்ததில்லை, அதுவும் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு.

மாமா இடைவேளை வரை தூங்கினார். முதல் நாள் ராத்திரி முழுக்கத் தண்ணீர் பாய்ச்சியவர். விளக்கு போட்டதும் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டு, முறுக்கு வாங்கிக் கொடுத்து, "இவன் நல்லவனா, கெட்டவனா?" என்று கதாநாயகனைக் காட்டிக் கேட்டார்.

சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் டிவியில் அதே நகைச்சுவைக் காட்சியைப் பார்க்கும்போது எனக்கு ஏதோ குறைகிறது. அங்கே தரை டிக்கெட்டில் முதலில் வெடிக்கும், அப்படியே உருண்டு பெஞ்சுக்கு வந்து, சேருக்கு வந்து, கடைசியில் பால்கனி சிரிக்கும், அவர்கள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார்கள். அதற்குள் அடுத்த இரண்டு வசனம் போயிருக்கும். அந்த வசனத்தைக் கேட்பதற்காகவே மறுபடி வருகிறவர்கள் உண்டு.

அந்தக் காலத்துத் தியேட்டர் எல்லாமே சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. வேறொரு தியேட்டரில், பெயர் வேண்டாம், மூட்டைப்பூச்சி கடித்து மூன்று நாள் சொறிந்துகொண்டு திரிந்தேன். பெண்கள் பாடு இன்னும் மோசம். புரொஜெக்டரில் வெளிச்சத்துக்காக எரியும் கார்பன் குச்சி தீரத் தீரத் திரை மஞ்சளடிக்கும், உடனே விசில், "டேய் ஆபரேட்டர்!" என்று கத்தல், அவர் மேலே குச்சியை நெருக்கி வைத்ததும் கதாநாயகி மறுபடி வெளுத்துவிடுவாள். சுமார் இருபது நிமிடத்துக்கு ஒரு ரீல். ரீல் முடியப் போகிறது என்பதற்கு அடையாளமாகத் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் மின்னி மறையும், அதைப் பார்த்துத்தான் அவர் அடுத்த புரொஜெக்டருக்கு மாற்றுவார். அந்த வட்டத்தைக் கண்டுபிடித்த பிறகு எனக்குக் கதையில் பாதிக் கவனம் போய்விட்டது. இன்றைக்கு உங்கள் தியேட்டரில் படமும் ஒலியும் துல்லியம். அதில் சந்தேகமே இல்லை.

அப்புறம் ஏன் போயிற்று? யாரும் சதி செய்யவில்லை. ஒரு புதுப்படம் மதுரை நகரத்தில் ஒரு தியேட்டரில் மட்டும் ஓடி, சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு மாதக்கணக்கில் கழித்து வந்த காலத்துக்காகக் கட்டிய கொட்டகை அது. படம் பார்க்க வேண்டுமானால் அங்கே வந்துதான் ஆக வேண்டும். பிறகு வீடியோ கேசட் வந்தது, கேபிள் வந்தது, ஒரே நாளில் ஊருக்கு ஐந்தாறு தியேட்டரில் ரிலீஸ் செய்யும் வழக்கம் வந்தது. 2563 நாற்காலியில் 200 பேர் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கரண்ட் பில் மட்டும் முழு ஹாலுக்கு. கடைவீதியின் நடுவில் அவ்வளவு நிலம், அதில் சேலை விற்றால் வருவது சினிமாவில் வராது. நான் முதலாளியாக இருந்தாலும் விற்றிருப்பேன்.

இதே மதுரையில் 1937-இல் 'சிந்தாமணி' படம் ஓடிய ஓட்டத்தில் வந்த லாபத்தைக் கொண்டு ஒரு தியேட்டர் கட்டி, அதற்கு அந்தப் படத்தின் பெயரையே வைத்தார்கள். அதுவும் இப்போது இல்லை.

வெளிநாட்டுக் கதையும் ஒன்றும் ஒழுங்கில்லை. நியூயார்க்கில் 1927-இல் ராக்ஸி என்று ஒன்று திறந்தார்கள், ஏறத்தாழ 6000 இருக்கை, நம் தங்கத்தைப் போல இரண்டு பங்குக்கும் மேல். 1960-இல் இடித்தார்கள், முப்பத்து மூன்று வருடம்தான். ஆனால் அங்கே ஒன்று செய்தார்கள். அந்தத் தியேட்டரின் முதல் படத்தில் நடித்த குளோரியா ஸ்வான்சனை, பாதி இடிந்த சுவர்களுக்கு நடுவே, செங்கல் குவியலின் மேல், முழு அலங்காரத்தோடு இரு கையையும் விரித்து நிற்க வைத்து லைஃப் பத்திரிகைக்காகப் படம் எடுத்தார்கள். இணையத்தில் தேடினால் கிடைக்கும், பாருங்கள்.

என் ஆதங்கமே அதுதான். இடித்ததில் எனக்குக் கோபம் இல்லை. இடிப்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் உள்ளே போய், திரை இருந்த மேடையிலிருந்து காலி நாற்காலிகளைப் பார்த்து ஒழுங்காக நாலு படம் எடுத்து எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருக்கலாம். சுவரில் ஒரு கல்லாவது பதித்திருக்கலாம். அப்படி இருந்திருந்தால் உங்கள் அப்பா மாடிப்படியில் நின்று திசை தேடியிருக்க மாட்டார்.

இனி அவரிடம் திரை எங்கே என்று கேட்காதீர்கள். என்ன படம் பார்த்தீர்கள் என்றும் கேட்க வேண்டாம், ஒரு வரியில் முடித்துவிடுவார். யாரோடு போனீர்கள், டிக்கெட்டுக்குக் காசு யார் கொடுத்தது என்று கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.