மீன் பெட்டிக்கு எத்தனை கிலோ ஐஸ்?

கேள்வி: நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு 20 கிலோ சங்கரா கொண்டுவருகிறேன். தெர்மாகோல் பெட்டியில் மீனை நிரப்பி, மேலே 8 கிலோ ஐஸைக் கொட்டி மூடுகிறேன். ஆறு மணி நேரம் கழித்துத் திறந்தால் நடுவிலுள்ள மீன் இளகிக் கிடக்கிறது. ஐஸில் உப்புப் போடலாமா?

பதில்: உப்பு வேண்டாம். ஐஸ் பற்றவில்லை, போட்ட இடமும் தப்பு.

ஒரு கிலோ ஐஸ் 0 டிகிரியிலேயே நின்று உருகித் தண்ணீராக 334 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். பள்ளியில் உள்ளுறை வெப்பம் என்று படித்தது இதைத்தான். உருகிய அந்தத் தண்ணீர் 5 டிகிரிக்கு ஏறும்போது எடுப்பதோ வெறும் 21 கிலோஜூல். கட்டி தீர்ந்தால் கதை முடிந்தது.

ஒரு கிலோ மீனை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறக்குறைய 3.6 கிலோஜூலை வெளியேற்ற வேண்டும். 30 டிகிரியிலிருக்கும் 20 கிலோவை 0-க்கு இறக்க 2,160 கிலோஜூல். அதற்கே ஆறரை கிலோ ஐஸ் போய்விடும். பெட்டிச் சுவர் வழியாகவும் சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். 60×45×40 செ.மீ. பெட்டி, சுவர் இரண்டரை செ.மீ., வெளியே 32 டிகிரி என்றால் ஆறு மணி நேரத்தில் இன்னொரு நான்கு கிலோ கரையும். ஆகப் பத்தரை. மூடி இடுக்கு, வழியில் திறந்து பார்ப்பது எல்லாம் சேர்த்து 15 கிலோவாவது வையுங்கள். கோடையில் மீன் எடைக்குச் சரி எடை.

ஐஸ் பாரை நெல்லிக்காய் அளவுக்கு உடையுங்கள். பெரிய கட்டி மீனை ஓரிரு இடத்தில்தான் தொடும், மீதி இடமெல்லாம் காற்று. அடியில் 5 செ.மீ. ஐஸ், அதன்மேல் ஒரே வரிசை மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்கி, மேலேயும் ஐஸால் மூடுங்கள். மீன் குவியலின் கனம் இரட்டித்தால் நடுப்பகுதி குளிர நான்கு மடங்கு நேரமாகும். உங்கள் பெட்டியில் நடந்தது அதுதான். உருகும் தண்ணீர் மீன்மேல் வழிந்து இறங்குவது நல்லதே, அதுவும் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். அடியில் தேங்கினால்தான் ரத்தமும் கசடும் கலந்து நாறும். மூலையில் விரல் நுழையும் ஓட்டை போட்டு, கீழே ஒரு தட்டு வையுங்கள்.

உப்புப் போட்டால் ஐஸ் 0-க்கும் கீழே இறங்கி வேகமாக உருகும். அதனால் அது இழுக்கும் மொத்த வெப்பம் கூடிவிடாது. மீனின் மேல்தோல் பாதி உறைந்து, சதை கெட்டு, கரிப்பும் ஏறும். கையால் சுற்றும் ஐஸ்கிரீம் வாளிக்குத்தான் உப்பு சரி.

திருச்சியில் திறக்கும்போது அடுக்குகளுக்கு நடுவே இரண்டு கிலோவாவது கட்டியாக மிஞ்சியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த நடையில் ஐஸைக் கூட்டுங்கள்.