மதுரைப் பக்கம் தண்ணித் தொட்டிக்கு பூகம்பக் கணக்கு வேணுமா?

கேள்வி: சார், உசிலம்பட்டி பக்கம் எங்க ஊர்ல ஒரு லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி கட்டுறாங்க. தூண்களைச் சுத்தி இணைக்கிற பிரேஸ் பீம் டிராயிங்ல மூணு அடுக்கு இருக்கு. "நம்ம பக்கம் எங்க பூகம்பம் வருது, ரெண்டு போதும்"ங்கிறாரு கான்ட்ராக்டர். விட்டுரலாமா?

பதில்: தயவுசெஞ்சு விட்டுராதீங்க. பூகம்பத்தைத் தாங்குற மாதிரி கட்டுறதுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1893, அதோட 2016 வரைபடத்துல மதுரை இரண்டாம் மண்டலம், இருக்கிறதுலயே ஆபத்து குறைஞ்சது அதுதான், ஆனா அங்கயும் கணக்கு போட்டே ஆகணும், அதுக்கு மண்டலக் காரணி, அதாவது விசையைக் கணக்கு போட எடுக்கிற எண், 0.10. விலக்குன்னு ஒரு மண்டலமே அதுல கிடையாது.

தொட்டிக்கு மட்டும் ஏன் இவ்ளோ கவலைன்னா, பாரம் பூராவும் உச்சியில இருக்கு. ஒரு லட்சம் லிட்டர்னா தண்ணி மட்டுமே 100 டன், கான்கிரீட் எடை தனி. தரை ஆடுறப்போ அடித் தண்ணி சுவரோட ஒட்டி சேர்ந்து ஆடும், மேல் தண்ணி தனியா மெதுவா அலையடிக்கும், தண்ணி லாரி பிரேக் அடிச்சப்புறமும் உள்ள தண்ணி முன்னும் பின்னும் மோதுமே அப்படித்தான். அதனால தொட்டிக்குன்னே இருக்கிற 1893 பாகம் 2, 2014ல வந்தது, தண்ணியை ரெண்டு எடையாப் பிரிச்சு கணக்கு போடச் சொல்லுது, தொட்டி நிறைஞ்சிருந்தா எப்படி, காலியா இருந்தா எப்படின்னு ரெண்டையும் பாக்கணும். குடிதண்ணித் தொட்டிக்கு விசையை 1.5 மடங்காவும் எடுக்கணும், பூகம்பம் முடிஞ்ச மறுநாள் குடிக்கவும் தீயணைக்கவும் தண்ணி வேணும்ல. 2001 ஜனவரி 26 குஜராத் பூகம்பத்துல தூண் இல்லாம வட்டச் சுவர் மேல நின்ன தொட்டிகள் பலதுல அடியைச் சுத்தி விரிசல் விழுந்துச்சு.

இப்போ உங்க பீமுக்கு வர்றேன். பக்கவாட்டு விசை வந்தா தூண் வளையும், ஒரு அடுக்கு பீமை எடுத்துட்டா தூணோட பிடிப்பில்லாத நீளம் கூடிரும், அந்த வளைவும் கூடிரும், அதே தூண் அதே கம்பி தாங்காமப் போகலாம். பூகம்பமே வரலன்னாலும் பலத்த காத்துக்கும் அந்த பீம்தான் வேலை செய்யுது. எத்தனை அடுக்குங்கிறதை டிசைன் பண்ண இன்ஜினியர்தான் மாத்தலாம், அதுவும் புதுசா கணக்கு போட்டு கையெழுத்தோட.

சைட்டுக்குப் போனா ஒண்ணு பாருங்க, தூண்ல கட்டுற ரிங் கம்பியோட முனை வெறும் 90 டிகிரியில மடங்கி நிக்கக்கூடாது, 135 டிகிரி உள்பக்கமா மடிச்சு கான்கிரீட்டுக்குள்ள புதையணும், இல்லன்னா ஆட்டத்துல கம்பியை மூடியிருக்கிற வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் விரிஞ்சிரும். கான்கிரீட் போட்டுட்டா இதை யாராலயும் பாக்க முடியாது, அதனால கம்பி கட்டி முடிச்ச அன்னைக்கே ஊராட்சி இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டிருங்க.