சினை நிற்காத குதிரைகள்: கேள்வி-பதில்

*மூன்று முறை சேர்த்தும் குதிரை சினை பிடிக்கவில்லை. சளி மாதிரி வடிகிறது. என்ன ஊசி போடலாம்? (பொள்ளாச்சி வாசகர்)*

வயது என்ன, எத்தனை ஈற்று, கடைசியாக எப்போது ஈன்றது, நஞ்சுக்கொடி ஒழுங்காக விழுந்ததா? கடிதத்தில் ஒன்றும் இல்லை. ஊசியின் பெயர் மட்டும் வேண்டும்! பருவம் வந்த முதல் இரண்டு நாளுக்குள், உறை போட்ட ஸ்வாப்பை (மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சி) கருப்பைக்குள்ளேயே விட்டு மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். வெளியே வடிவதைத் துடைத்து அனுப்பினால் வாலில் இருக்கிற கிருமியெல்லாம் வளரும். கல்ச்சரோடு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) மைக்ராஸ்கோப்பில் ஒரு ஸ்லைடும் பார்க்க வேண்டும். சீழணு (சீழில் இருக்கும் வெள்ளணு) இல்லாமல் கிருமி மட்டும் தெரிந்தால், அது பெரும்பாலும் வழியில் ஒட்டியது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை என்றால் பென்சிலின் கேட்கும். ஈ.கோலை, கிளெப்சியெல்லா என்றால் பென்சிலின் தண்டம். கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றி மருந்து விட்டால் கடைசியில் பூஞ்சை பிடிக்கும், அதை விரட்டுவது இன்னும் பெரும்பாடு. கல்ச்சர் பார்க்காமல் மருந்து விடாதீர்கள். எத்தனை தடவை எழுதுவது?

*குட்டி போட்ட ஒன்பதாம் நாள் பருவத்தில் சேர்க்கலாமா? (தாராபுரம்)*

கொடி 3 மணி நேரத்துக்குள் விழுந்திருந்து, ஸ்கேனில் கருப்பைக்குள் நீர் இல்லையென்றால் சேர்க்கலாம். கொடி தங்கிய குதிரை என்றால் அந்தப் பருவத்தை விட்டுவிடுங்கள். மாட்டுக்குப் பொறுப்பதுபோல மறுநாள் வரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள். கருப்பையில் ஊறும் நஞ்சு குளம்பைத் தாக்கினால் குதிரை காலூன்றி நிற்காது.

*எங்கள் பக்கம் மாட்டுக்குக் கருப்பை கழுவும் மருந்தையே குதிரைக்கும் விடுகிறார்கள். சரிதானே? (அந்தியூர் அருகே)*

சரியே இல்லை. ஆடியில் குருநாதசாமி கோயில் சந்தை முடிந்த கையோடு இந்த மாதிரி நாலைந்து குதிரை என்னிடம் வந்துவிடும். ஒரு சாம்பல் நிறக் குதிரை, ஆறு வயதுதான் இருக்கும். உள்ளே கையை விட்டால் கருப்பைவாய் இருக்க வேண்டிய இடத்தில் நார் நாராக ஒட்டிக் கிடக்கிறது, சுண்டுவிரல்கூட நுழையவில்லை. மேலே சீழ் தேங்கி, ஆசனவாய் வழியாகத் தொட்டால் தண்ணீர்ப் பை மாதிரி ஆடுகிறது. "மாட்டுக்கு விடற அதே மருந்துதான் சார், மூணு தடவை விட்டாங்க" என்கிறார் உரிமையாளர். கெட்டியான அயோடின் கரைசல். வடிவதற்கு இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டார்கள்.

குதிரையின் கருப்பைச் சவ்வு மாட்டினுடையது போல இல்லை. எரிச்சல் பட்டால் புண்ணாகும், ஆறும்போது ஒட்டிக்கொள்ளும். என்ரோஃப்ளாக்சசின் ஊசிமருந்தைக் கருப்பைக்குள் விடுவது அதைவிட மோசம். அதன் காரத்தில் சவ்வு வெந்து தழும்பாகிவிடும். ஜென்டாமைசின் நல்ல மருந்துதான், ஆனால் அது அமிலம். சோடியம் பைகார்பனேட் சேர்த்துச் சமப்படுத்தாமல் விடக்கூடாது. பருவத்துக்குக் கொண்டுவரப் போடும் புரோஸ்டாகிளாண்டின்கூட மாட்டு அளவில் பாதிக்கு மேல் வேண்டாம். கூடினால் வியர்த்துக் கொட்டி வயிற்றுவலியில் புரளும். எதை விடுவதானாலும் கருப்பைவாய் திறந்திருக்கும் பருவ நாட்களில்தான் விட வேண்டும். கல்ச்சர் பார்த்த பிறகு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

*சேர்த்த மறுநாள் ஸ்கேனில் நீர் தெரிந்தது. நோயா? (உடுமலை)*

விந்து போனால் எந்தக் குதிரைக்கும் கருப்பை கொஞ்சம் அழலும். நல்ல குதிரை ஒன்றிரண்டு நாளில் தானே வெளியேற்றிவிடும். பல ஈற்று கண்டு கருப்பை தொங்கியதும், வயது ஏறியபின் முதல் முறையாகச் சேர்க்கப்படுவதும் அதைத் தேக்கிவைக்கும். சேர்த்து 4 முதல் 6 மணி நேரம் ஆனதும் கழுவலாம். வேண்டிய விந்தணு அதற்குள் கருக்குழாய்க்குப் போயிருக்கும். வெதுவெதுப்பான ரிங்கர் லாக்டேட் உப்புக்கரைசலை லிட்டர் லிட்டராக விட்டு, திரும்பி வருவது தெளியும்வரை கழுவுங்கள். அப்புறம் கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் 10 முதல் 20 யூனிட். கரு கருப்பைக்கு இறங்க ஐந்தாறு நாள் ஆகும், அதனால் பதற வேண்டாம்.

*பொலிக்குதிரையைச் சேர்ப்பதற்கு முன் கிருமிநாசினி போட்டுக் கழுவுகிறோம். (ஈரோடு)*

நிறுத்துங்கள். சுத்தமான வெதுவெதுப்பான தண்ணீர் போதும். தினம் கிருமிநாசினி பட்டால் இயல்பாக இருக்கும் கிருமிகள் செத்து, சூடோமோனாஸ் என்ற கெட்ட கிருமி வந்து குடியேறும்.

*பதினாறு வயதுக் குதிரை. நடக்கும்போது பின்பக்கம் காற்று இழுக்கும் சத்தம் கேட்கிறது. (காங்கேயம்)*

உங்கள் காதுக்கு ஒரு சபாஷ். உடல் மெலிந்ததும் ஆசனவாய் உள்வாங்கி, யோனி உதடுகள் படுத்துவிடும். காற்றும் லத்தியும் (சாணம்) நேராக உள்ளே போகும். இதற்கு எந்த மருந்தும் பலிக்காது. மேல்பாதியை ஒட்டித் தைக்கும் கேஸ்லிக் தையல்தான் வழி, கால்மணி நேர வேலை. கொஞ்சம் சதையும் ஏற்றுங்கள். சினை நின்றால், ஈனும் தேதிக்கு இரண்டு வாரம் முன்னதாகவே தையலைப் பிரித்துவிட வேண்டும். குதிரை பெரும்பாலும் ராத்திரியில்தான் ஈனும். மறந்துபோனால், விடிந்து போய்ப் பார்க்கும்போது கிழிந்திருக்கும்.