க்ரைம் தொடரை பிள்ளைகளோடு பார்க்கலாமா?

கேள்வி: ஓடிடியில் ஒரு க்ரைம் தொடருக்கு ‘யு/ஏ 16+’ என்று போட்டிருக்கிறது. என் மகளுக்கு 14 வயது; கதையில் ரத்தம் அதிகமில்லை என்கிறார்கள். காட்டலாமா?

பதில்: இந்தக் குறியீட்டைத் தருவது சென்சார் போர்டு அல்ல. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி ஓடிடி நிறுவனமே யு, 7+, 13+, 16+, ஏ என ஐந்தாகப் பிரிக்கிறது. ஆகவே எண்ணை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் இருக்கும் ‘வன்முறை, பாலியல், போதைப்பொருள்’ போன்ற குறிப்பையும் படியுங்கள்.

ரத்தத்தை அளவுகோலாக வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. சவக்கிடங்குக் காட்சியைப் பதின்வயதினர் பலர் சாதாரணமாகக் கடந்துவிடுவார்கள். பலியானவர் அவர்கள் வயதுப் பெண், குற்றவாளி சொந்த வீட்டு ஆள் என்றால்தான் தூக்கம் கெடும். தற்கொலை முறையை விவரமாகக் காட்டும் தொடர் என்றால், என்னைக் கேட்டால், தள்ளியே வைக்கலாம்.

முதல் எபிசோடை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கடைசிக்கு முந்தைய எபிசோடையும் நீங்கள் தனியாகப் பாருங்கள். குற்றம் நடந்த விதம் ஃபிளாஷ்பேக்கில் விரிவது பெரும்பாலும் அங்கேதான். (சஸ்பென்ஸ் போய்விடும், வேறு வழியில்லை!)

காட்டுவதென்றால் ஹாலில், சேர்ந்து, ஒரு நாளைக்கு ஒரு எபிசோட். அடுத்தது தானாக ஓடும் ‘ஆட்டோப்ளே’யை செட்டிங்ஸில் நிறுத்துங்கள். பிள்ளைக்குத் தனி ப்ரொஃபைல் போட்டுவிட்டு உங்களுடையதைப் பூட்டாமல் விட்டால் பயனில்லை. அதற்கும் பின் நம்பர் வையுங்கள். பிறந்த வருடம் வேண்டாம், முதலில் அதைத்தான் அழுத்திப் பார்ப்பார்கள்.