முதலில் ஏலகிரியைச் சேமித்துக் காட்டுங்கள்

கேள்வி: காட்பாடியில் படிக்கும் மாணவர்கள் நால்வர் சேர்ந்து, போக ஆசைப்படும் ஊர்களைக் குறித்துவைக்கும் சிறிய இணையச் செயலி ஒன்றை எழுதுகிறோம். திரை, சர்வர், தரவுத்தளம், உள்நுழைவு என்று ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டோம். மூன்று வாரம் ஆகிவிட்டது. தனித்தனியே எல்லாம் ஓடுகிறது, சேர்த்தால் ஓடவில்லை. எங்கே தவறு?

பதில்: பிரித்த விதத்தில்தான். இப்படிப் பிரித்தால் நால்வரும் முடிக்கும்வரை ஒரு பொத்தான்கூட உருப்படியாக வேலை செய்யாது. ஊரைச் சேர்ப்பது ஒருவருக்கு, போய்வந்ததைக் குறிப்பது இன்னொருவருக்கு என்று கொடுங்கள். திரையிலிருந்து தரவுத்தளம்வரை அவரே எழுதட்டும். உள்நுழைவைத் தள்ளிவையுங்கள். நான்கு பேர் பார்க்கும் பட்டியலுக்கு இப்போதைக்குப் பூட்டு எதற்கு? வெளியாருக்குத் திறக்கும்போது போடலாம்.

அதற்கு முன் நால்வரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஓர் ஊரைப் பற்றி எதையெல்லாம் சேமிக்கப் போகிறீர்கள் என்று தாளில் எழுதுங்கள். ஏலகிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டம் என்ற இடத்தில் ஒருவர் வேலூர் என்று எழுதுவார். 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் அது திருப்பத்தூர். வீட்டுப் பெரியவரைக் கேட்டால் வட ஆற்காடு என்பார்! அதனால் அந்த இடத்தில் தட்டச்சு செய்ய விடாமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். 'போயாயிற்றா' என்று ஒரு புலம் (ஒரு தகவலைச் சேமிக்கும் கட்டம்), 'போன தேதி' என்று மற்றொன்று வைத்தால் இரண்டும் என்றாவது முரண்படும். தேதி மட்டும் போதும். காலியாக இருந்தால் இன்னும் போகவில்லை. புலங்களின் பெயர்களையும் அதே தாளில் எழுத்துப் பிசகாமல் முடிவுசெய்யுங்கள். ஒருவர் அடிக்கோடு போட்டும், மற்றவர் நடுவில் பெரிய எழுத்து வைத்தும் எழுதியதுதான் உங்கள் சிக்கலில் பாதி என்பது என் சந்தேகம்.

தமிழுக்கே உரிய கண்ணி ஒன்றும் உண்டு. 'கோட்டை' என்று தேடினால் வேலூர்க் கோட்டை பட்டியலில் இருந்தும் வராமல் போகலாம். கணினி எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் 'கோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். முதல் விதத்தில் எழுதிய 'கோட்டை'யைக் கணினி 6 குறிகளாக எண்ணும், இரண்டாம் விதத்தில் எழுதியதை 7 ஆக எண்ணும். இரண்டும் வெவ்வேறு சொற்கள் என்று முடிவுசெய்துவிடும். சேமிக்கும்போதும் தேடும்போதும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் நார்மலைஸ் கட்டளை வழியாக, இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது.

பலர் எழுதும் நிரலைச் சேர்த்துவைக்கும் கிட் கருவியில் ஒவ்வொருவரும் தனிக் கிளையில், அதாவது தனிப் பிரதியில் எழுதி, அன்றன்றே முதன்மைக் கிளையில் சேருங்கள். மூன்று வார வேலையை ஒரே இரவில் சேர்ப்பவர்கள் விடியும்வரை ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருப்பார்கள். தரவுத்தளத்துக்கு, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைக்கும் எஸ்க்யூலைட் தாராளம். ஆனால் இலவச சர்வர்கள் பலவற்றில் செயலி மறுபடி தொடங்கும்போது வட்டில் எழுதிய கோப்பு அழிந்துவிடும். சர்வரில் இடம் பிடிக்குமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் ஏலகிரி ஒன்றைமட்டும் சேர்த்து, பக்கத்தைப் புதுப்பித்த பிறகும் அது அங்கேயே இருக்கிறதா என்று நால்வரின் கைப்பேசியிலும் பாருங்கள். உள்நுழைவை எழுதிக்கொண்டிருந்த நண்பரிடம் அந்தக் 'கோட்டை' தேடலைக் கொடுத்துவிடுங்கள்.