தொண்டியில் கடல் படிப்பு: கேட்டவர்களுக்குப் பதில்

தேர்வு முடிவு வந்ததிலிருந்து ஒரே கேள்விகள். தொண்டியில் முதுகலையும் ஆராய்ச்சியும் முடித்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தம்பி, மகன் பிளஸ் டூ முடிச்சிருக்கான். தொண்டியில இப்பவே சேர்த்துடலாமா? (பாம்பனிலிருந்து ஒரு அப்பா)

முதலில் ஒரு டிகிரி வேணும்ணே. தொண்டியில் இருப்பது காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை, எம்.எஸ்சி.யும் ஆராய்ச்சியும்தான் அங்கே. பல்கலைக்கழகம் 1985-ல் வந்தது. நம்ம ராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகளும் சிவகங்கைக் கல்லூரிகளும் அதில்தான் இணைந்திருக்கின்றன. அதனால் பக்கத்து அரசுக் கல்லூரியில் விலங்கியல் படித்தாலும் பட்டம் அழகப்பா பெயரில்தான் வரும். பிளஸ் டூ முடிந்த கையோடு மீன் சம்பந்தமாகவே படிக்கணும் என்றால் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியைப் பாருங்கள். மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

எல்லை பக்கம்தானே? சாம்பிள் எடுக்கப் போனா சிலோன் நேவி பிடிச்சுட்டுப் போயிடாதா?

இதைக் கேட்காத அம்மா அப்பாவே கிடையாது. பாக் நீரிணையில் எல்லைக்கோடு 1974 ஒப்பந்தத்தில் போட்டது, மன்னார் வளைகுடாவில் 1976-ல். கச்சத்தீவுக்கு மேற்கே ஏறக்குறைய ஒரு மைலில் கோடு போகிறது. நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத கடல் என்று எதுவும் இல்லை. கோட்டைத் தாண்டினால் அடுத்த நாடு. ஆனால் மாணவர்களின் வேலை பெரும்பாலும் கரையோரம்தான். கடற்புல், பாசி, நண்டு, சேறு. இடுப்பளவு தண்ணீரில் நின்றே பாதி ஆய்வு முடிந்துவிடும்.

நான் பயப்படச் சொல்வது வேறு விஷயத்துக்கு. கடல் அட்டை 2001-லிருந்து வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் ஒன்றே ஒன்றைப் பாட்டிலில் போட்டாலும் வழக்குதான். ஆவுளியா என்கிற கடல் பசுவுக்கும் அதே சட்டம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் கால் வைக்கவே வனத்துறை அனுமதி வேண்டும். அந்தக் கடிதம் வருவதற்குள் வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று தொடங்கி, ஒரு பருவமே கை நழுவிப்போகும். என் முதல் வருடம் அப்படித்தான் போனது. சேர்ந்த மாதமே விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

அண்ணா, நான் மண்டபம் இலங்கைத் தமிழர் அகதி முகாம். எனக்கு இடம் கிடைக்குமா?

முகாம் பிள்ளைகள் கல்லூரியில் படிப்பது புதிதில்லையம்மா. முகாம் அடையாள அட்டை, மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பார். ஒரு புள்ளி மாறியிருந்தாலும் அலைய விடுவார்கள். ஒன்றை மறைக்க விரும்பவில்லை. குடியுரிமை இல்லாமல் அரசு வேலைத் தேர்வுகளும் பாஸ்போர்ட்டும் பெரிய தடை. கோடு நம்ம கடலில் கிடக்கிறது என்கிறோம், உன் சான்றிதழிலும் அதுதான் கிடக்கிறது. படிக்காதே என்று இதற்காகச் சொல்ல மாட்டேன். தனியார் ஆய்வகம், பாசி நிறுவனம் பக்கம் இப்போதே கண் வை.

புதுமைப் பெண் ஆயிரம் ரூபாய் எம்.எஸ்சி.க்கும் வருமா?

வராது. இளநிலைப் படிப்போடு சரி.

படிச்சா வேலை இருக்கா சார்? நேராச் சொல்லுங்க.

எம்.எஸ்சி. மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இல்லை. நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு எழுதணும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. 1947-ல் பிறந்த அந்த நிறுவனத்தின் தலைமையகமே பல வருடம் மண்டபத்தில்தான் இருந்தது. 1971-ல் கொச்சிக்குப் போய்விட்டது. இந்த மண்டபம் மையத்திலும் அங்கேயே உள்ள கடற்பாசி ஆய்வு மையத்திலும் திட்ட உதவியாளர் வேலை அவ்வப்போது வரும். தற்காலிகம்தான், ஆனால் கை பழகும். தொண்டிப் பக்கம் வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். என் கண் அதன் மேல்தான். பாசி எடுக்கும் அக்காமார்களிடம் நாலு நாள் கூடப் போய்வந்தவனுக்கு நேர்முகத் தேர்வில் பேச விஷயம் இருக்கும். சும்மா மனப்பாடம் செய்தவன் திணறுவான்.

நான் விருதுநகர்க்காரி. படகுன்னாலே குமட்டும். சமாளிச்சிடுவேனா?

வடகடல், அதாவது தொண்டி இருக்கும் பாக் நீரிணைப் பக்கம், வாடையில் குமுறும். தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, தென்மேற்குக் கச்சான் காற்றில் குமுறும். மற்ற மாதங்களில் தொண்டிக் கடல் குளம் மாதிரி கிடக்கும். வெறும் வயிற்றோடு ஏறாதே, இரண்டு இட்லி போதும். வல்லத்தில் (நாட்டுப் படகு) அணியத்தில், அதாவது முன்முனையில், உட்காராதே, நடுவில் உட்கார். தண்ணீரைக் குனிந்து பார்க்காமல் கரையைப் பார். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்கு பஸ் இருக்கிறது. ஒரு நாள் வந்து கடலைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணும்மா.