வெல்ஃபேர் வந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா?

கேள்வி: கல்யாணமாகி எட்டு வருடங்களுக்கு முன் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தேன். சாட்ஸ்வர்த்தில் மாமியார் வீட்டோடு இருக்கிறோம். கணவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்று. கணவர் குடித்துவிட்டு என்னை அடிப்பார், பிள்ளைகள் மேல் கை வைத்ததில்லை. மகளுடைய டீச்சர் ஏதோ எழுதிக் கொடுத்ததால் அடுத்த வாரம் சோஷியல் வொர்க்கர் வீட்டுக்கு வருகிறாராம். "வாயைத் திறந்தால் வெல்ஃபேர்காரன் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவான், உன்னை இந்தியாவுக்கு ஏற்றிவிடுவான்" என்கிறார் மாமியார். என் பாஸ்போர்ட் அவரிடம்தான் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் 4,500 ராண்ட் கொடுத்தால் கோர்ட் ஆர்டர், விசா இரண்டையும் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தைப் பத்திரமாக வையுங்கள், டாக்ஸிக்கும் பிள்ளைகளின் பாலுக்கும் வேண்டியிருக்கும். ஆளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் பயத்தைப் பார்ப்போம்.

அடி வாங்கினாள் என்பதற்காக ஒரு தாயிடமிருந்து பிள்ளைகளைப் பிரிக்க இந்த நாட்டில் சட்டம் இல்லை. டீச்சர் எழுதிக் கொடுத்தது உங்கள் மேல் புகாரும் இல்லை. பிள்ளைக்கு ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தால் ஆசிரியரோ நர்ஸோ டாக்டரோ தெரிவித்தே ஆக வேண்டும். 2005-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் அவர்கள் தலையில் அந்தக் கடமையை வைத்திருக்கிறது. உங்கள் மகள் வகுப்பில் தூங்கியிருக்கலாம், ஏதாவது வரைந்திருக்கலாம். சோஷியல் வொர்க்கராக நான் பார்த்த ஒரு பிள்ளை தினமும் பள்ளி ஷூவைப் போட்டுக்கொண்டே படுக்கும். ஏன் என்று கேட்டேன். "ராத்திரி ஓடணும்னா லேட் ஆயிடும் ஆன்ட்டி" என்றது. அதற்கு வயது ஏழு. அப்பா அதன் மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை.

அதனால்தான் "பிள்ளைகள் மேல் கை வைத்ததில்லை" என்ற வரியை நீங்கள் ஆறுதலாக எழுதியிருந்தாலும் என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. சட்டமும் எடுத்துக்கொள்ளவில்லை. 1998-இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல் 14 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளை பார்க்கவோ கேட்கவோ வேண்டுமென்றே வன்முறை செய்தால் அதுவே குடும்ப வன்முறை என்று அதில் சேர்த்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது, காசு தராமல் கட்டிப்போடுவது, எங்கே போகிறாய் யாரோடு பேசினாய் என்று நிழலாகத் திரிவது எல்லாமே கணக்கில் வரும். கணவர் மட்டுமல்ல, மாமியார் மேலும் பாதுகாப்பு உத்தரவு, அதாவது உங்களைத் துன்புறுத்தக் கூடாது என்ற கோர்ட் ஆர்டர், கேட்கலாம். இதை அவரிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

சரி, பிள்ளைகளை எடுத்துச் செல்லவே மாட்டார்களா என்றால், எடுப்பார்கள், ஒரு நிலைமையில். மாமியார் உங்களை மிரட்டுவது இதை வைத்துத்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாதாரணமாகக் குழந்தைகள் நீதிமன்றம் சொன்னால்தான் எடுக்க முடியும். கோர்ட் ஆர்டர் இல்லாமல் எடுக்கக் குழந்தைகள் சட்டத்தின் 152-ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்கு மூன்று விஷயங்கள் ஒருசேர இருக்க வேண்டும். பிள்ளைக்கு அந்த நிமிடமே பாதுகாப்பு தேவைப்பட வேண்டும். கோர்ட்டுக்குப் போய் வருவதற்குள் ஏதாவது நடந்துவிடும் என்ற நிலை இருக்க வேண்டும். பிள்ளையை அங்கிருந்து எடுப்பதுதான் சிறந்த வழி என்றும் இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் எடுக்கக் கூடாது. மூன்றாவதை முடிவு செய்யும்போது, அடிக்கிற ஆளை வெளியே அனுப்பினால் போதாதா என்று யோசித்தாக வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. அடுத்த பிரிவான 153-இன்படி, பிள்ளையின் நன்மைக்கு அதுதான் சரி என்று பட்டால், போலீஸ் அந்த ஆளுக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லலாம். பிள்ளை அதே கட்டிலில், அதே பொம்மையோடு இருக்கும். இப்படி ஒரு பிரிவு இருப்பது பல போலீஸ் நிலையங்களில் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியாது. பக்கத்தைப் பிரித்துக் காட்டிய பிறகும் "சூப்பர்வைசர் டீயிலிருந்து வரட்டும்" என்று என்னை உட்கார வைத்திருக்கிறார்கள்.

அப்படியே பிள்ளையை எடுத்துவிட்டாலும் கதை அதோடு முடியாது. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். அடுத்த கோர்ட் நாளுக்குள் விஷயம் மாஜிஸ்ட்ரேட் முன் போக வேண்டும், உங்கள் பக்கத்தைக் கேட்க வேண்டும். இதுவும் சும்மா வரவில்லை. 2010-இல் பிரிட்டோரியாவில் தெருவோரம் பிழைத்துக்கொண்டிருந்த பெற்றோர்களிடமிருந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம்வரை போய், 2012-இல் "கேட்காமல் எடுத்துவிட்டு அப்படியே வைத்திருக்க முடியாது" என்று தீர்ப்பானது. பின்னால் சட்டத்தையும் திருத்தினார்கள். இந்த அதிகாரத்தை ஒரு சோஷியல் வொர்க்கர் தவறாகப் பயன்படுத்தினால் தொழில் ஒழுங்கு நடவடிக்கை வரும். என் தொழில்காரர்களைப் பற்றி நானே சொல்கிறேன்: பயந்து எடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன், எடுக்க வேண்டிய பிள்ளையை ஃபைல் குவியலுக்குள் தொலைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது ரகம்தான் அதிகம்.

எங்களுக்குக் கவலை வருவது எப்போது தெரியுமா? அடி நடக்கிறது, பிள்ளை பார்க்கிறது, பெரியவர்கள் எல்லோரும் "ஒன்றுமில்லை மேடம், மாடியில் வழுக்கி விழுந்தாள்" என்று ஒரே குரலில் சொல்கிறார்கள் என்றால், அந்த வீட்டில் பிள்ளையைக் காப்பாற்ற ஆளே இல்லை என்றுதான் நாங்கள் எழுத வேண்டிவரும். நீங்கள் உண்மையைச் சொல்லி, பாதுகாப்பு உத்தரவுக்கு மனு போட்டிருக்கிறேன், ஆபத்து என்றால் இன்னார் வீட்டுக்குப் போவோம் என்றால், காப்பாற்றும் ஆள் நீங்கள் என்று எழுதுவோம். மாமியார் சொன்னதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளுங்கள்.

அந்த நாளுக்காக வீட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டாம், சமோசா பொரிக்க வேண்டாம். பிள்ளைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்தவே நடத்தாதீர்கள். ஆறு வயதுப் பிள்ளை ஒப்பிக்கிறதா, பேசுகிறதா என்பது இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். வருபவரிடம் பதிவு அட்டையைக் கேட்டுப் பாருங்கள். இங்கே பதிவில்லாமல் யாரும் சோஷியல் வொர்க்கர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. கேட்டால் கோபப்பட மாட்டோம்.

இப்போது அந்த 4,500 ராண்ட் ஆசாமி.

பாதுகாப்பு உத்தரவுக்கு மனு போடக் கட்டணம் கிடையாது. ஃபாரம் இலவசம். நிரப்பத் தெரியாவிட்டால் கோர்ட் கிளார்க் உதவ வேண்டும், அது அவருடைய வேலை. ஆனால் வரிசை காலை ஏழு மணிக்கே வாசல்வரை நிற்கும், உள்ளே "சிஸ்டம் ஆஃப்லைன்" என்பார்கள், கிளார்க் லஞ்சுக்குப் போயிருப்பார். அந்த இடைவெளியில்தான் கிளிப்போர்டோடு ஒருவர் வருவார். நம் பாஷையிலேயே பேசுவார், "தங்கச்சி" என்பார். ஒரு பெண் என்னிடம் கொண்டுவந்த "ஆர்டரை" இன்னும் மறக்கவில்லை. கலர் ஜெராக்ஸ், மூலையில் ஏதோ ஒரு முத்திரை, கேஸ் நம்பர் இல்லை. அது நிரப்பிய மனு மட்டுமே, கோர்ட்டுக்குள்ளேயே போகவில்லை. ஆறு மாதம் அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். புருஷன் கதவை உடைத்த ராத்திரியில் அதைத்தான் போலீஸிடம் நீட்டினாள். தாளை விற்றவனுக்கு எதுவும் ஆகவில்லை. இன்றும் எங்கேயாவது யாரையாவது தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டுதான் இருப்பான்.

உண்மையான உத்தரவு இப்படி வரும். மனுவோடு சத்தியப் பிரமாணம் கொடுப்பீர்கள். தேதி, என்ன செய்தார், பிள்ளைகள் எங்கே நின்றார்கள் என்று தெளிவாக எழுதுங்கள். கடைசியாக நடந்தது, மிக மோசமானது, முதல் தடவை, இந்த மூன்றும் இருந்தால் போதும். வாழ்க்கை வரலாறு வேண்டாம். மாஜிஸ்ட்ரேட்டுக்குப் போதுமானதாகப் பட்டால், கணவரைக் கூப்பிடாமலேயே தற்காலிக உத்தரவு தருவார். அதோடு நிறுத்திவைத்த கைது வாரண்ட் ஒன்றும் வரும். உத்தரவு கணவருக்குத் தெரிவிக்கப்பட்ட பிறகுதான் அதற்குப் பல். அதனால் "சர்வ் ஆகிவிட்டதா?" என்று விடாமல் கேளுங்கள். உத்தரவைக் கொண்டுபோய்க் கொடுக்கும் கோர்ட் அலுவலரான ஷெரிஃபுக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் கிளார்க்கிடம் அப்போதே சொல்லுங்கள். உத்தரவை மீறினால் வாரண்டோடு போலீஸிடம் போகலாம். மீறியவருக்கு ஐந்து வருடம்வரை சிறை உண்டு. அவர் வீட்டுக்குள் வரக் கூடாது, பாஸ்போர்ட்டைத் திருப்பித் தர வேண்டும், பிள்ளைகளின் செலவுக்கு அவசரப் பணம் தர வேண்டும் என்று கேட்பதை எல்லாம் மனுவிலேயே எழுதுங்கள். எழுதாததை யாரும் தாமாகத் தர மாட்டார்கள்.

வேறு ஊரில் தோழி வீட்டுக்குப் போய்விட்டால் அங்குள்ள கோர்ட்டிலேயே போடலாம். இத்தனை நாள் தங்கியிருக்க வேண்டும் என்று கணக்கில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மனு போடும்போதே சொல்லிவிடுங்கள். கொழுந்தனார் "நான் சொல்கிறேன்" என்று முன்னால் வந்தால் விடாதீர்கள். காயம் இருந்தால் ஆஸ்பத்திரியில் ஜே 88 என்ற மருத்துவ ஃபாரத்தில் பதியச் சொல்லுங்கள். போட்டோவை உங்கள் போனில் வைக்காமல் ஊரிலிருக்கும் அக்காவுக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடுங்கள்.

விசா விஷயம். பாதுகாப்பு உத்தரவுக்குக் குடியுரிமை தேவையில்லை. கிளார்க் பாஸ்போர்ட் கேட்டால், அது யாரிடம் இருக்கிறது என்பதையே பிரமாணத்தில் எழுதுங்கள். தென்னாப்பிரிக்கரான தந்தைக்கு இங்கே பிறந்த உங்கள் பிள்ளைகள் தென்னாப்பிரிக்கர்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளின் வெளிநாட்டுத் தாயோ தந்தையோ, கணவன் மனைவி உறவு முறிந்துவிட்டது என்பதற்காகவே நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்பது அரசியலமைப்புக்கு முரண் என்று 2023 டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாமியாருக்கு இந்தச் செய்தி வரவில்லை போலிருக்கிறது. விசாவைக் கவனிக்கும் ஹோம் அஃபேர்ஸ் துறையில் சில கவுன்ட்டர்களுக்கும் வந்த மாதிரி தெரியவில்லை. அதனால் தனியாகப் போகாதீர்கள். சட்ட உதவி அமைப்பான லீகல் எய்டின் இலவச எண் 0800 110 110, அங்கே கேட்டுவிட்டுப் போங்கள். ஏஜென்ட் வேண்டாம். பாஸ்போர்ட் கிடைக்கவே இல்லை என்றால் டர்பனில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். "பிள்ளைகளைக் கொஞ்ச நாள் இந்தியாவில் பாட்டியிடம் விட்டுவிட்டு வரலாம், இந்த அஃபிடவிட்டில் ஒரு கையெழுத்து" என்பார்கள். பிள்ளைகள் நாட்டைவிட்டுப் போக உங்கள் இருவர் சம்மதமும் வேண்டும், அந்தத் தாள் அதற்குத்தான். எல்லை தாண்டிக் கொண்டுபோன பிள்ளைகளைத் திருப்பி அனுப்பும் ஹேக் ஒப்பந்தத்தில் தென்னாப்பிரிக்கா இருக்கிறது, இந்தியா இல்லை. அங்கே போய்விட்டால் மீட்பதற்குள் பிள்ளை கல்லூரிக்குப் போய்விடும். அவருக்குத் தெரியாமல் நீங்கள் தூக்கிக்கொண்டு போவதும் வேண்டாம், குற்றம் உங்கள் பக்கம் திரும்பிவிடும். வெற்றுத்தாள் எதிலும் கையெழுத்து வேண்டாம். கோயில் ஹாலில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, "கேஸை வாபஸ் வாங்கு" என்று எழுதி வாங்குவதும் இதே ரகம்தான். பெரியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த ஹாலில் உட்கார்ந்தவர் யாரும் அன்று ராத்திரி உங்களோடு வீட்டுக்கு வரப்போவதில்லை. எந்தத் தாளில் என்ன எழுதி வாங்கினாலும் கோர்ட் உத்தரவு ரத்தாகாது, கோர்ட் மட்டும்தான் ரத்து செய்யும்.

அடி விழுந்துகொண்டிருக்கும்போது போலீஸுக்கு 10111. பேச ஆள் வேண்டும் என்றால் 0800 428 428, ராத்திரியிலும் எடுப்பார்கள். பிள்ளைகளுக்கு 116. கணவர் உங்கள் போனைப் பார்ப்பவராக இருந்தால் அதிலிருந்து கூப்பிடாதீர்கள்.

அப்புறம், சோஷியல் வொர்க்கர் வரும் அன்று மாமியார் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருவார், எனக்குத் தெரியும். அவர் முன்னால் "தனியாகப் பேச வேண்டும்" என்று சொல்லும் தைரியம் வராவிட்டால் பரவாயில்லை. நாளைக் காலை மகளைப் பள்ளியில் விடும்போது அந்த டீச்சரிடம், சந்திப்பைப் பள்ளியிலேயே வைக்கச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். அவர் ஏற்பாடு செய்துவிடுவார்.